சிரிப்புக்கு ஓர் ஆங்கிலச் சொல்

தாளைத் தட்டச்சு மெஷினில் மாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார் ஜெபகுமார். சரியான சொல் வந்து சேரும்வரை அப்படித்தான் இருப்பார். வாலாஜாபாத் பஸ் ஒன்று கடையின் தகரக் கதவை அதிரவைத்துப் போனது, அவர் அசையவில்லை. தூங்கிவிட்டார் என்று எழுந்து போனவர்கள் உண்டு. முதல் நாள், கடிதம் அடிக்க வந்த நானும் அப்படிப் போய்விட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, விளக்கம் கேட்டுத் தொழிலாளர்களுக்கு வரும் கம்பெனி மெமோக்களுக்கு ஆங்கிலத்தில் பதில் அடித்துத் தருகிறார். சுவரில் தொண்ணூற்றொன்றாம் வருடக் காலண்டர், பக்கத்தில் ஓர் அட்டை: ‘தட்டச்சு மட்டும். சிபாரிசுக்கு வர இயலாது.’ அந்த அட்டையை அவர் ஒருநாளும் மீறியதில்லை. ஆறு மணிக்கு முன்னால் மெஷினுக்கு உறை போட்டதுமில்லை. அவ்வளவு கறார்.

“தமிழ்ல ‘மீறிட்டேன்’னு ஒரே வார்த்தைல தப்பிச்சிக்கலாம் சார். இங்கிலீஷ்காரன் உடமாட்டான்” என்பார். “‘ப்ரேக்’னா வெறும் மீறல், தெரியாமகூட நடக்கும். ‘டிஸொபே’னா ஒருத்தர் சொல்லியும் கேக்காதது. ‘வயலேட்’னா கோயிலுக்குள்ள செருப்போட பூந்தா மாதிரி. ‘ஃப்ளவுட்’ கீதே, அது மூஞ்சிக்கு நேரா, எளக்காரமா சிரிச்சிகினே மீறுறது.” சொல்லும்போது அவர் பார்வை எங்கோ மிதந்துகொண்டிருக்கும்.

அன்று எதிரே உட்கார்ந்திருந்தவள் சேரப்பணஞ்சேரி சசிகலா. பல்பு கம்பெனியில் வேலை. மெமோவில் ‘ஃப்ளவுட்’ என்றே போட்டிருந்தார்கள். ஐந்து மணிக்குள் பதில் தராவிட்டால் வேலை போய்விடும்.

“இன்னாம்மா செஞ்ச?”

“வல்லக்கோட்டைக்குக் காவடி போச்சு சார். மேளம் கேட்டுச்சு. லைன உட்டுட்டு சன்னலாண்ட போய் நின்னுட்டேன். எவ்ளோ நேரம்னே தெரில. அந்த மயிலெறகு இன்னும் கண்ணுலயே கீது.”

“சூப்பர்வைசர் கூப்ட்டாரா?”

“காதுல வுழல. பக்கத்துல வந்து கத்துனப்பதான் திரும்புனேன்.”

“சிரிச்சியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “பயந்தா எனக்கு சிரிப்பு வந்துடும் சார். எங்கப்பா செத்தப்பகூட சிரிச்சேன். எல்லாரும் திட்டுனாங்க.”

ஜெபகுமார் மறுபடி கண்ணை மூடினார். மூடியபடியே தட்ட ஆரம்பித்தார். முடித்ததும் தமிழில் சொன்னார்: “‘ப்ரேக்’னு போட்டுட்டேன். மீறுனது நெஜம். எளக்காரம் பண்ணல, பயத்துல சிரிச்சேன்னு அடிச்சிருக்கேன். இத குடுக்கச்ச மட்டும் சிரிச்சிடாதம்மா.”

கையெழுத்துப் போட்டுத் தாளை வாங்கியவள், “நானேவா சார் அவரு கைல குடுக்கணும்?” என்றாள். கேட்கும்போதே உதடு விரிந்தது. பல் தெரிந்தது. கண்ணில் நீர் கட்டியிருந்தது. இப்போதா சிரிப்பாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்த நொடியே அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

ஜெபகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே முக்கால். எழுந்து மெஷினுக்கு உறை போட்டார். ஆணியிலிருந்து அட்டையைக் கழற்றி, எழுத்துத் தெரியாதபடி மேஜைமேல் கவிழ்த்துவிட்டு, மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டார்.