மிளகுக் காலத்தில் முடித்த மூன்று புத்தகங்கள்

இந்த மிளகு அறுவடையில் மூன்று புத்தகங்களை முடித்தேன். நான் சத்தமாக வாசிப்பேன். என் மனைவி வாசலில் உட்கார்ந்து காம்பிலிருந்து மிளகை உருவுவாள். எங்கள் மலையில் இந்த ஆலத்தூர் நாட்டில் இதைவிடப் பெரிய இலக்கியக் கூட்டம் நடப்பதாக எனக்குத் தகவல் இல்லை.

முதலாவது, வாழ்க்கையில் முன்னேறும் வழி. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டுமாம். எழுதியவர் மார்கழியில் எங்கள் ஊரில் ஒரு நாள் தங்கிக் குளித்துக் காட்டட்டும், காலில் விழுகிறேன். அதுவரை முன்னேறாமலே இருந்துகொள்கிறேன்.

இரண்டாவது, மலையைப் பற்றிய நாவல். அட்டையிலும் மூடுபனி, உள்ளேயும் மூடுபனி. அதில் மலைக்காரர்கள் யாருக்கும் கோபம் வராது, செல்போன் கிடையாது. எந்நேரமும் தேனைக் குடித்துவிட்டு மரத்தோடு பேசுகிறார்கள். கொட்டும் மழையில் மிளகு பறிக்கிறார்கள். பறித்ததை எங்கே காயப்போட்டார்கள் என்று ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. என் மனைவி சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த மிளகு பாதி சிந்திவிட்டது.

மூன்றாவதுதான் வினை. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வருவாள் என்று ஒரு தகப்பன் புத்தகம் முழுக்கக் காத்திருக்கிறான். இதற்கு ஒரு கதையா என்று பாதியிலேயே கிண்டல் செய்தேன். எங்கள் மகளை மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில்தான் கொடுத்திருக்கிறோம். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு, கல்யாணமான பிறகு கொண்டை ஊசி வளைவு ஏறினால் வாந்தி வருகிறதாம். பொங்கலுக்கு வரவில்லை. மிளகு பறிக்க வருகிறேன் என்றாள், அதற்கும் காணோம். நான்தான் பஸ் வரும் நேரம் பார்த்துச் சோளக்காடு பஸ் நிறுத்தத்துக்கு டீ குடிக்கப் போகிறேன். அந்த டீ வாயில் வைக்க விளங்காது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அவ்வளவுதான்.

கடைசி அத்தியாயத்தை முதலில் நான் மட்டும் புரட்டிப் பார்த்தேன். மகள் வரவில்லை. தகப்பன் கதவைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்கிறான், கதை முடிந்தது. ஆசிரியர் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெண்ணை ஒரு பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருந்தால் இவருக்கு என்ன குறைந்துவிடும்?

அன்று மத்தியானம் மனைவிக்கு வாசித்தபோது, மகள் பை நிறையத் துணியோடு வந்து இறங்கினாள் என்று நானே சேர்த்துப் படித்தேன். மழையில் மிளகு பறித்தவர்களைவிட இது ஒன்றும் பெரிய புளுகு இல்லை. நடுவில்தான் இரண்டு இடத்தில் தடுமாறினேன்.

அவள் தலை நிமிராமல் கேட்டாள்: "வந்தவ எத்தன நாளுங்க இருந்தா?"

ஒரு வாரம் என்றேன்.

அவள் இன்னொரு காம்பை எடுத்து உருவினாள்.

"ஏனுங்க, படிக்கறதுதான் படிச்சீங்க. ஒரு மாசம்னு படிச்சிருக்கலாமுங்க."