கிணற்று மூலை நெல்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் லிஃப்ட் கதவு திறந்ததும் நீராகார வாசனை வரும். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில், நான்காம் மாடியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, பழைய சோற்றுத் தண்ணீரின் அதே புளிப்பு. மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து வண்டிக்கு ஊற்ற எத்தனால் எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கூட வேலை செய்யும் பிர்கிட்டுக்கு அது பீர் வாசனை. வந்த புதிதில், சின்ன வயதில் இதைக் குடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன் என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் ஊரில் குழந்தைகளுக்குச் சாராயம் கொடுப்பார்கள் என்று அவள் கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் லிஃப்டை விட்டு இறங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் நிலம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். நெல்லைத் தவிர வேறொன்றும் போட்டவரில்லை அவர். நான் இங்கே வந்த பிறகு போர்வெல் வற்றிக்கொண்டே போனது. நாற்று விடுகிற மாதத்தில் வராத மழை அறுக்கிற மாதத்தில் வந்து கொட்டியது. படித்த பெண் அல்லவா, வாரம் தவறாமல் போனில் பாடம் நடத்தினேன். நெல்லை விட்டுவிடுங்கள், மக்காச்சோளத்துக்குப் பாதித் தண்ணீர் போதும், சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வந்திருக்கும் எத்தனால் கம்பெனிக்காரர்கள் வாசலிலேயே வந்து வாங்கிக்கொள்வார்கள் என்றேன். "யானப் பசிக்கு சோளப்பொரிம்பாங்க. உன் காரு பசிக்கு எவ்ளோ சோளம்மா வேணும்?" என்று சிரித்தார். என்னிடம் கார் இல்லை, டிராமில் போகிறேன் என்று நானும் சிரித்தேன். மறு வருஷம் சோளம் போட்டார். அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்காரர்களும் போட்டார்கள்.

விளைச்சல் நன்றாகவே வந்தது. சோளக்காட்டுக்கு நடுவில் கையில் கதிரோடு நின்றபடி வீடியோவில் கூப்பிட்டார். என் சொல் பலித்த பெருமையில் அந்த முகத்தை அப்படியே போனில் படம் பிடித்துக்கொண்டேன். பிடித்த நொடியில் அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான்: "அம்மாடி, அடுத்த போகம் கெணத்து மூலைல மட்டும் கொஞ்சூண்டு நெல்லு போட்டுக்கினா இன்னா? ஊட்டுக்குத்தான்."

வேண்டாம் நைனா என்றேன். நெல்லுக்குக் கட்டுகிற தண்ணீர் ஊறிப் போய்ப் பக்கத்துச் சோளத்தின் வேரை அழுகவைத்துவிடும் என்றேன். சரியான பதில்தான். இன்றைக்குப் பரீட்சை வைத்தாலும் அதையேதான் எழுதுவேன். நீ சொன்னா சரிம்மா என்று போனை வைத்துவிட்டார்.

அடுத்த தை மாதம், பம்ப் செட்டைப் போடப் போனவர் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நான் வரும்வரை உடலை வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பிர்கிட்டின் மேஜையில் உட்கார்ந்து போனிலேயே எல்லாவற்றையும் பார்த்தேன். எங்கள் வழக்கத்தில் வாய்க்கரிசிக்குக் கடை அரிசி ஆகாது. இறந்தவர் வீட்டு நெல்லை, வேகவைக்காமல், பங்காளி வீட்டுப் பெண்கள் அப்போதே உரலில் குத்தி எடுக்க வேண்டும். உரலைக் கழுவி வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். தம்பி வீட்டுக்குள் போய்விட்டு வந்து போனுக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, ஊட்ல ஒரு பிடி நெல்லு இல்லக்கா. சோளந்தான் கீது."

அந்த நாலு வீட்டிலும் கேட்டுப் பார்த்தான். அங்கேயும் சோளம்தான். கடைசியில் சிப்காட் கேட்டுக்கு எதிர்க்கடையில் ஒரு பாக்கெட் பச்சரிசி வாங்கி வந்து, பல்லால் கடித்துக் கிழித்தான். ஆயுசு முழுக்க நெல் விளைத்த மனிதரின் வாயில், பிளாஸ்டிக் பையிலிருந்து அள்ளிப் போட்டார்கள். பக்கத்தில் நின்ற பிர்கிட் என்ன செய்கிறார்கள் என்று மெல்லக் கேட்டாள். வாயில் அரிசி போடுகிறார்கள் என்றேன். போகிற வழியில் பசிக்காமல் இருக்கவா என்று கேட்டாள். அது அதற்கில்லை என்று விளக்க எனக்குத் தெம்பில்லை. ஆமாம் என்றேன். அன்றிலிருந்து நைனா பசியோடுதான் போனார் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

போன மாதம் இங்கே பெரிய கூட்டம். பருவநிலை, எரிபொருள், நாளைய உணவு என்று மூன்று நாள் வல்லுநர்கள் பேசினார்கள். பூச்சி மாவில் செய்த பிஸ்கட்கூடச் சுற்றி வந்தது. நான் பேசவேண்டிய காலையில் தம்பி கூப்பிட்டான். சொல்லாமல் கொள்ளாமல் கிணற்று மூலையில் நெல் போட்டிருக்கிறான். "நெல்லு ஜோரா நிக்குதுக்கா. ஒட்னாப்ல கீற சோளம் அழுகிக்கினு போவுது. தண்ணிய நிறுத்தட்டா?" என்றான். நிறுத்தாதே, அழுகினால் அழுகட்டும் என்றேன். பதினைந்து நிமிஷம் கழித்து மேடையேறி, தண்ணீர் குறைந்த ஊர்களுக்கு மக்காச்சோளமே வழி என்று படம் போட்டுப் பேசினேன். இரண்டையும் சொன்னது இந்த ஒரே வாய்தான்.

என் பேச்சில் கடைசிப் படம் எப்போதும் நைனாதான். எடுத்துவிட நினைப்பேன், மனசு வராது. நல்ல படம் என்பார்கள். கதிரும் கையுமாகச் சிரிக்கிறார் என்பார்கள். கேள்வி நேரத்தில், முன்வரிசையில் இருந்த வயதான பேராசிரியர் ஒருவர் எழுந்து, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்: இந்த விவசாயி இப்போது என்ன சாப்பிடுகிறார்?

கடையில் வாங்கின அரிசி, என்றேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். எனக்குப் பின்னால், ஆளுயரத் திரையில், நைனா வாய் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தார்.