கொலுவில் மாட்டிக்கொண்ட கிரனாடா

ஏழாம் வகுப்பில் எனக்கு வந்த ப்ராஜெக்ட், ஒருகாலத்தில் ஸ்பெயினில் சுல்தான்கள் ஆண்ட கிரனாடா. அவர்களுடைய அரண்மனை முற்றம் ஒன்றை அட்டையில் செய்தேன். செய்தேன் என்பது பேச்சுக்கு. அமெரிக்காவில், நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவில் நம்மவர் பிள்ளைகளின் ப்ராஜெக்டை யார் செய்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். அப்பா தூண்களை வெட்டினார். அம்மா நடுவிலிருந்த நீரூற்றைச் சுற்றிக் களிமண்ணில் பன்னிரண்டு சிங்கங்கள் பிடித்தார். நான் என் பெயரை எழுதி ஒட்டினேன்.

திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். சனிக்கிழமை நவராத்திரி தொடங்கியது. டான்ஸ் கிளாஸ் முடிந்து வந்து பார்த்தால், கொலுவின் கீழ்ப்படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் என் கிரனாடா ஜம்மென்று வீற்றிருக்கிறது. சிங்கங்களின் நெற்றியில் சந்தனம், குங்குமம் வேறு.

"அம்மா! இட்ஸ் டியூ மண்டே!" என்று அலறினேன்.

"ரொம்ப அழகா இருந்துதுடி, அதான் வெச்சேன்" என்றார் அம்மா. முகம் வெளுத்துவிட்டது. கொலுவில் ஏற்றிய பொம்மையை விஜயதசமி முடியும்வரை இறக்கக் கூடாது.

"எடுத்துக் குடுத்துடேன், பாவம் கொழந்த" என்று அப்பா கெஞ்சினார்.

"பூஜை பண்ணியாச்சு. நடுவுல எப்படிங்க எடுக்கறது?"

லேட்டானால் பாதி மார்க் போய்விடும். நான் வீட்டை இரண்டாக்கினேன். கடைசியில் அம்மாவே டீச்சருக்கு மெயில் போட்டார். இது வர முடியாது, தயவுசெய்து நீங்கள் வாருங்கள்.

திங்கள் மாலை டீச்சர் வந்தே விட்டார். ஷூவைக் கழற்றிவிட்டு, சுண்டல் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்து, மலைமேல் இருந்த அரண்மனைக்குத் தண்ணீர் எப்படி வந்தது என்று என்னைக் கேட்டார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஆரம்பித்தார். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தது, சுவரெல்லாம் கவிதை செதுக்கியது என்று மடமடவெனத் தன் திருச்சி இங்கிலீஷில் கொட்டினார். எனக்கு மானம் போயிற்று. "அம்மா, ப்ளீஸ் ஸ்டாப்" என்று புடவையைப் பிடித்து இழுத்தேன். டீச்சரோ சுண்டலை மறந்து கேள்விமேல் கேள்வி கேட்டார். பிறகு வெற்றிலை பாக்கு, ப்ளவுஸ் பிட் சகிதம் கிளம்பினார். மார்க் என்னவோ எனக்குத்தான், முழுசாக.

அன்று அம்மா பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தார். என் மார்க்கினால் வந்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் திருச்சியில் கல்லூரியில் சரித்திரம் நடத்தியவர். அப்பாவின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக முடியாமல் ஏழு வருஷம் வீட்டோடு இருந்தவர். அன்றைக்குத்தான் அரை மணி நேரம் மறுபடி வகுப்பெடுத்தார். அதையும் முடிக்கவிடாமல் நான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.