ஜெயித்த ஆட்டத்துக்குக் காவல்

குற்றாலத்தில் சாரல் நாட்களில் நாங்கள் தங்கிய விடுதியில் ஒரு காவலாளி இருந்தார். ஒல்லி உடம்பு, சிவந்த கண்கள். வரவேற்பறை டிவியில் பகலெல்லாம் ஒரே பழைய கிரிக்கெட் பதிவை நின்றுகொண்டே பார்ப்பார்.

"நாமதான் இதுல ஜெயிச்சாச்சே அண்ணாச்சி, ஏன் இப்படி வேர்க்குது?" என்றேன்.

"ஜெயிச்சது அப்படியே இருக்கணும்லா சார்! போன வாரம் டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள ஒரு விக்கெட் கூடப் போயிட்டு. இப்ப கடைசி ஜோடி நிக்குது. இன்னொண்ணு போனா தோத்துருவோம்."

சிரித்தபடி திரையைப் பார்த்தேன். ஒன்பது விக்கெட் போயிருந்தது. இரண்டு விக்கெட் மிச்சமிருக்க ஜெயித்தோம் என்று ஆட்டம் நடந்த அன்றே நாட்குறிப்பில் எழுதியவன் நான்.

"காலையிலேருந்து சாப்பிடல சார். பத்து நிமிசம் இங்கன நில்லுங்க. கண்ண மட்டும் எடுத்திராதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வெற்றி ரன்னை எடுத்தார்கள். அவர் வரவில்லை. பதிவு முதல் பந்திலிருந்து மறுபடி தொடங்கியது. வாசலில் மனைவி, துண்டும் கையுமாக, அருவிக்குக் கூப்பிட்டாள். மூன்றாவது முறை அவள் குரலில் பயம் இருந்தது. என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை.