நாலு சக்கர பைக்கும் என் வீட்டுக்காரரும்

கல்ஃபில் வேலை குறைந்து எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பிய சமயம். என் வீட்டுக்காரரும் வந்தார். வந்த கையோடு, மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு விடுதியில் வேண்டாமென்று போட்டிருந்த நாலு சக்கர பைக்கை விலை பேசினார். தடித்த டயர், பின்னால் சாமான் வைக்கக் கம்பித் தட்டு. திற்பரப்பை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டம் வீட்டுக்குக் கீழே சரிவாக இறங்கும். ரப்பர் பால் கேனைத் தலையில் வைத்து மேலே ஏற்றி எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்ததால் நான் தடுக்கவில்லை. பாலைவனத்தில் வெள்ளைக்காரர்களை இந்த வண்டியில் ஏற்றிப் பறக்கிறவர் அவர் என்று எங்கள் சர்ச் முழுக்கத் தெரியும். தெரியப்படுத்தியது நான்தான். நாகர்கோவிலில் ஹாஸ்டலில் படித்த மகளும் தோழிகளிடம் அதையே அளந்திருந்தாள்.

வண்டியைக் கொண்டுவர ஒரு குட்டியானை லாரி பிடித்துக்கொண்டு போனோம். லாரிக்காரர் இரண்டு பலகைகளைச் சாய்த்து வைத்து, "ஓட்டி ஏத்திருங்கண்ணே" என்றார்.

இவர் கேட்கவில்லை. பலகைகளைச் சக்கர அகலத்துக்கு விலக்கி வைத்து, மேல் நுனிகளை லாரியோடு கட்டினார். "கெட்டாட்டா சக்கரம் ஏறும்போ பலகைய பின்னால தள்ளி விட்டுரும், கேட்டியா?" பின்னால் யாரையும் நிற்க விடவில்லை. எஞ்சினைப் போடாமலே கயிறு கட்டி இவரும் லாரிக்காரரும் மேலே இழுத்தார்கள். இவரே பிரேக்கைப் பூட்டி, நாலு மூலையிலும் கீழ்நோக்கி இறுக்கிக் கட்டி, குலுக்கிப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டிலும் அதே பக்குவமாக இறக்கினார். அதோடு சரி. வண்டி தார்ப்பாய்க்குள் போய்விட்டது. காலையில் துடைப்பார், சாயங்காலம் துடைப்பார், ஏறமாட்டார். கேட்டால் சரிவு நனைந்து கிடக்கிறது என்பார், ஆயில் மாற்றணும் என்பார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண் மங்கிவிட்டதா? அங்கே யார் மேலாவது ஏற்றிவிட்டு வந்திருக்கிறாரா? இல்லை, இவள் சுமக்கட்டும் என்கிற மெத்தனமா? தினம் ஒன்றை நம்பி மறுநாள் அதை விட்டேன். கடைசியில் எரிச்சல்தான் மிஞ்சியது.

ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது காலி கேன்களைப் பின்தட்டில் கட்டிவிட்டு நானே ஏறினேன். ஸ்கூட்டி ஓட்டுகிறவள். ரெண்டு சக்கரத்தில் விழாதவள் நாலு சக்கரத்திலா விழுவேன் என்ற திமிர். சரிவில் குறுக்கே திருப்பும்போது வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஸ்கூட்டியில் செய்வதுபோலச் சட்டென்று காலை ஊன்றினேன். பின்சக்கரம் என் பாதத்தின் மேல் ஏறி நின்றது.

அலறல் கேட்டு இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு ஓடி வந்தார். எஞ்சினை நிறுத்தி, வண்டியைத் தூக்கிப் பிடித்துக் காலை விடுவித்தார். மண் இளகிக் கிடந்ததால் எலும்பு தப்பியது.

"இதுல கால கீழ ஊனப்பிடாதுட்டி. கால் மேலதான் இருக்கணும். ஒடம்பத்தான் மேட்டுப் பக்கமா சாய்க்கணும்."

"இவ்வளவும் தெரிஞ்ச மனுசன் ஏன் ஓட்டமாட்டேங்கிய?"

அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க வண்டி ஓட்டுகவன் வாறவங்களுக்குச் சொல்லிக் குடுப்பான். கேட்டுட்டு நிப்பேன். எனக்கு ஏத்துக வேலை, எறக்குக வேலை, கழுவுக வேலை. ஏறி உக்காந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவான்."

"பின்ன இத எதுக்கு வாங்குனிய?"

"ஒரு தடவையாவது ஓட்டிப் பாக்கணும்னு ஆசை. வாங்குன பெறகு பயமா இருக்கு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பொய் சொன்னதற்குச் சண்டை போடலாமென்றால், அவர் ஒருநாளும் ஓட்டுகிறேன் என்று சொன்னதாக நினைவில்லை. அந்த வண்டியில் வேலை என்றார், மிச்சத்தை நான் சேர்த்தேன். யார் மேல் கோபப்படுவது?

"பிள்ளைக்குத் தெரியாண்டாம்" என்றார், மெதுவாக.

சாயங்காலம் மகள் போன் பண்ணினாள். காலில் கட்டு என்றதும் பதறி, எப்படி என்று கேட்டாள். என் காலை மடியில் வைத்து அவர் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"நான்தான் கூறுகெட்டதனமா எடுத்து ஓட்டினேன் மக்கா. ஒங்க அப்பா ஓட்டியிருந்தா இப்படி ஆவுமா?"

தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது.