எண்பத்தைந்தாவது கேள்வி

ஊசி போடுகிறவளுக்கே ஊசி போடுகிற சங்கதி ஒன்று உண்டென்றால், அது வெளிநாட்டு லைசன்ஸ் தேர்வுதான். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டூட்டி பார்த்துக்கொண்டே அமெரிக்கத் தேர்வுக்குப் படித்தேன். கூடப் படித்தவள் எம்.ரெட்டியபட்டி செல்வி, அதே வார்டு நர்ஸ். இதே பாடு படுகிற நர்ஸ்களே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

வலிக்கு மார்க்கு

நோயாளியின் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் கேட்டு எழுத வேண்டும் என்பது பாடம். படித்ததை உடனே செய்து பார்க்கிற ஆர்வம் எனக்கு. பித்தப்பைக் கல்லோடு படுத்திருந்த பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் போனேன். "பூஜ்யம்னா வலியே இல்ல, பத்துன்னா தாங்கவே முடியாத வலி. உங்களுக்கு எத்தனை அண்ணாச்சி?"

வயிற்றைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒம்பதுன்னு எழுதிக்கங்க. ஊசி போட்டீகன்னா ஆறுக்கு விட்டுத் தாரேன்."

யார் முதலில்?

ஒரே நேரத்தில் நாலு நோயாளி, யாரை முதலில் பார்ப்பாய்? நம் எல்லோரையும் படுத்துகிற கேள்வி இது. நான் அலறுகிறவரைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொரு தடவையும் தப்பு. "கத்துறதுக்கு மூச்சு இருக்குல்ல? சத்தமில்லாதவுகளப் பாரு" என்று செல்வி தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம், பருத்தி எடுக்கப் போன ஆட்களை ஏற்றிவந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்து நாலு பேர் வந்தார்கள். கை ஒடிந்த ஒருவர் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினார். என் கால் அவர் பக்கம்தான் திரும்பியது. அப்போதுதான் சுவரோரம் பெஞ்சில் இருந்த அக்காவைக் கண்டேன். மேலுக்குக் காயமில்லை. கேட்டால், "எனக்கு ஒண்ணுமில்ல தாயி" என்றார். ஆனால் நெற்றி ஜில்லென்று வேர்த்திருந்தது. நாடி ஓட்டமாய் ஓடியது, பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது, வயிறு கல்லாக இறுகியிருந்தது. உள்ளே ரத்தக்கசிவு. டாக்டரைக் கூப்பிட்டு, இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏற்றி, ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினோம். ஆபரேஷன் முடிந்து பிழைத்துக்கொண்டார் என்று மறுநாள் போன் வந்தபோது, நானும் செல்வியும் மருந்து ரூமுக்குள் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

கை ஒடிந்தவர் மட்டும் மாவுக்கட்டோடு வீட்டுக்குக் கிளம்பும்வரை என்னை மன்னிக்கவில்லை. "கத்துறவன விட்டுட்டு சும்மா இருக்கவுகளப் போய்ப் பாக்குறீகளே, இது எந்த ஊரு நியாயம்?"

சென்னையில் ஓர் இருட்டு

இந்தத் தேர்வில் இத்தனை கேள்வி என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். நீ தேறுவாயா மாட்டாயா என்று கம்ப்யூட்டருக்குத் தெளிவானதும் அதுவே நிறுத்திவிடும். சீக்கிரம் என்றால் எண்பத்தைந்திலேயே. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? சென்னைத் தேர்வு மையத்தில் எண்பத்தைந்தாவது கேள்விக்குப் பதிலைத் தட்டினேன், கேள்வி மறைந்து திரை வெறுமையானது. கையைத் தூக்கி, "கரண்டு போயிருச்சுங்க" என்றேன்.

மேற்பார்வைக்கு நின்ற பெண் குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "கரண்டு இருக்கு மேடம். உங்க பரீட்சைதான் முடிஞ்சிருச்சு."

ரிசல்ட்

சில நாள் கழித்து, காலை டூட்டியில் இருக்கும்போது மெயில் வந்தது. செல்விதான் போனைப் பிடுங்கித் திறந்தாள். "அடியே, பாஸுடி!" வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அடுத்த மாதம் அவளுக்குத் தேர்வு. என்னைவிட அவள்தான் அதிகமாகத் துள்ளினாள்.

சத்தம் கேட்டு வந்த தலைமை நர்ஸ் என்னை இறுக்கி அணைத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "ரொம்ப சந்தோசம் தாயி. அமெரிக்காவுக்கு அப்புறம் போவோம், அஞ்சாம் நம்பர் பெட்டுல டிரிப்ஸ் முடியப் போகுது, ஓடு."

ஆக, லைசன்ஸ் வாங்கிய நர்ஸுக்கு அமெரிக்காவில் எந்த ஊரிலும் வேலை உண்டு, விசா வரும்வரை அந்த ஊர் அருப்புக்கோட்டையாக இருக்கும், அவ்வளவுதான்.