அண்ணாவின் கொடிப்பிடி

உரும்பிராயைப் பிறப்பிடமாகவும், ஆக்லாந்து பிளாக்ஹவுஸ் பேயை வதிவிடமாகவும், ஜன்னல் செய்வதைத் தொழிலாகவும் கொண்டவர் எங்கள் அண்ணா. இப்படித் தொடங்கும் வரி மரண அறிவித்தலுக்கு மட்டுமே உரியது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். இதே வரி இன்னோர் இடத்திலும் வரும் என்று எங்களுக்குக் காட்டித் தந்தவர் அண்ணா. அவருடைய ஒரே தங்கை நான். அவருடைய நினைவு மலருக்கு நான் எழுதும் இந்தக் கட்டுரை கொஞ்சம் நீண்டுவிட்டது. அண்ணாவிடம் அகப்பட்டு அவர் கதை கேட்டவர்களுக்கு இது நீளமாகவே தெரியாது.

எங்கள் ஐயா பள்ளிக்கூட ஆசிரியர். நான் சிறுமியாக இருந்தபோதே அம்மா காலமாகிவிட்டார். என் தலையைப் பின்னிவிட்டு என்னைப் பள்ளிக்கு அனுப்பியவர் அண்ணாதான். அவர் பின்னிய பின்னல் அடுத்த நாளும் அவிழாது. நான் அழுதுகொண்டுதான் அவிழ்ப்பேன். எதையும் நழுவாமல் பிடிக்க வைக்கவேண்டும் என்பதில் அவருக்கு அப்போதே ஒரு பிடிவாதம் இருந்தது. ஆடுகள் வளவுக்குள் வருகின்றன என்று ஐயா சலித்துக்கொண்டபோது, வேலி வாசல் படலையில் கயிறு கட்டி, மறுமுனையில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, திறந்தால் தானாகவே மூடிக்கொள்ளும்படி செய்தார். ஆடுகள் வருவது நின்றது. தபால்காரர் வருவதும் நின்றது. முதுகில் ஒரு அடி வாங்கிய பிறகு அந்த மனிதர் கடிதங்களை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுப் போகத் தொடங்கினார்.

பிறகு போர் வந்தது. அண்ணாவின் தொழில்நுட்பப் படிப்பு பாதியில் நின்றது. அண்ணியைக் கைப்பிடித்த சில மாதங்களிலேயே இருவரும் இடம்பெயர்ந்து, கொழும்பில் சிலகாலம் ஒண்டியிருந்து, கடைசியில் அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணியின் கூறைச்சேலை மட்டும் எல்லா இடத்துக்கும் கூடவே வந்தது. இங்கே அண்ணா முதலில் கட்டடங்கள் துப்புரவாக்கினார். பிறகு ஹென்டர்சனில் ஜன்னல் சட்டங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். மகளைப் படிக்க வைத்தார், வீட்டு மோர்ட்கேஜைக் கட்டி முடித்தார், என்னையும் கூப்பிட்டு எடுத்தார். பாபடோயிட்டோயில் எங்கள் வீட்டுக் கதவுகள் ஒன்றுகூடக் கிறீச்சிடாமல் இருப்பது அவர் செய்த உபகாரம்.

தொழிற்சாலையில் ஒருநாள், புதிதாக வந்த ஜன்னல் கொக்கி ஒன்றைப் பார்த்து, இது நூறு வருடத்துக்கு முந்திய யோசனைதான் என்று மேலாளர் சொல்லி, அதன் பழைய பேட்டன்ட் தாளின் பிரதியைக் காட்டினார். பேட்டன்ட், அதாவது ஆக்கவுரிமை, என்னவென்று பலருக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் தான் புதிதாகக் கண்டுபிடித்ததை எழுதி, படம் வரைந்து கொடுத்தால், குறிப்பிட்ட காலத்துக்கு அது அவருக்கே உரியது என்று அரசு கொடுக்கும் உரிமை. அந்தக் காலம் முடிந்துவிட்டால் யாரும் செய்துகொள்ளலாம். பழைய தாள்களை நூலகக் கணினியில் யாரும் இலவசமாகப் படிக்கலாம் என்று மேலாளர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அதன் விளைவை அனுபவித்தவர்கள் நாங்கள்.

சனிக்கிழமை தோறும் அண்ணா நூலகத்துக்குப் போகத் தொடங்கினார். இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் இந்த நாட்டிலும் வெளிநாடுகளிலும் சாதாரண மனிதர்கள் எதற்கெல்லாம் உரிமை கேட்டிருக்கிறார்கள் என்று படிக்கப் படிக்க அவருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. காற்றில் தொப்பி பறக்காமல் பிடிக்கும் ஊசி. முட்டை அடிக்கும் கருவி. பால் வாளி மூடி. கிழங்குத் தோல் சீவி. ஆவியில் கை சுடாத கேத்தல் கைப்பிடி. எழுதியவர்கள் விவசாயிகள், கொல்லர்கள், வீட்டுப் பெண்கள். ஒருநாள் எனக்கு ஃபோன் எடுத்து, எடுத்த எடுப்பிலேயே சத்தம் போட்டார்.

“பிள்ளை, என்ர படலையைக் களவெடுத்திட்டாங்கள்!”

“என்னண்ணா சொல்லுறீங்கள்? எந்தப் படலை?”

“ஐயாவின்ர வளவுப் படலை. கல்லுக் கட்டித் தொங்கவிட்ட அதே படலை. நான் பிறக்கிறதுக்கு எவ்வளவோ முந்தி இஞ்ச ஒரு விவசாயி அதை வரைஞ்சு குடுத்திருக்கிறார். அச்சு அசல் அதேதான்!”

“அப்ப ஆர் களவெடுத்தது?”

மறுமுனையில் அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று அவர் சொன்ன இன்னொரு செய்திதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம். அந்தப் பழைய தாள்கள் எல்லாம் ஒரேமாதிரித்தான் தொடங்குமாம்: இன்ன பெயருடைய, இன்ன ஊரில் வசிக்கும், இன்ன தொழில் செய்யும் நான் இதனால் அறிவிப்பது என்னவென்றால். “எங்கட மரண அறிவித்தல் மாதிரியேதான், பிள்ளை. ஒரே வித்தியாசம், இது ஆள் உயிரோட இருக்கேக்க வாறது.”

அதன்பிறகு எங்கள் குடும்பக் கொண்டாட்டங்கள் எதுவும் பேட்டன்ட் இல்லாமல் நடந்ததில்லை. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினால், அடித்தட்டு கழன்று வரும் கேக் தட்டுக்கு யார் உரிமை வாங்கினார் என்று தொடங்கிவிடுவார். அவருடைய மருமக்களான என் பிள்ளைகள் தட்டையும் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிடுவார்கள். பாவம், வாயில் கேக்கோடு அகப்பட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

இனிக் கூறைச்சேலைக்கு வருகிறேன். ஆக்லாந்துக் காற்றை நான் உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒருநாள் அண்ணி அந்தச் சேலையை வெயில் காட்டப் பின்வளவுக் கொடியில் போட்டிருந்தார். காற்று அடித்த அடியில் கிளிப்புகள் தெறித்து, சேலை பக்கத்து வீட்டு எலுமிச்சை மரத்தில் போய்ச் சிக்கிக் கரையோரம் கிழிந்துவிட்டது. எத்தனையோ சோதனைச் சாவடி தாண்டி வந்த சேலை ஒரு எலுமிச்சை முள்ளுக்குத் தப்பவில்லை. அண்ணி குசினிக்குள் போய் அழுதார். அண்ணா கராஜுக்குள் போனார்.

சில மாதங்களில் வெளியே வந்ததுதான் கொடிப்பிடி. கையளவு நீளமான இரண்டு அலுமினியத் துண்டுகள். மேல்முனையில் கொடிக்கம்பியில் மாட்டும் கொக்கி, உள்பக்கம் சைக்கிள் டியூப் ரப்பர். துணியை இடையில் வைத்துவிட்டால், காற்று இழுக்க இழுக்க அது இறுகும். மேலே தூக்கினால் தானாக விட்டுவிடும். பட்டில் தடம் விழாது. வெட்டி மிஞ்சிய அலுமினியத்தை மேலாளர் சந்தோஷமாகக் கொடுத்தார். கிழிந்த இடத்தைத் தைத்து, அண்ணி கூறைச்சேலையை மறுபடி கொடியில் போட்டார். தென்மேற்குக் காற்று மாலைவரை அடித்தும் சேலை அசைந்ததே தவிர நகரவில்லை.

“இஞ்சாருங்கோ, நல்லாத்தான் இருக்கு,” என்றார் அண்ணி. எங்கள் அண்ணியின் வாயிலிருந்து வந்தால் அது பெரிய பட்டம்.

நூறு வருடத்துக்கு முன்னர் ஒரு பாற்பண்ணைக்காரரின் மனைவியும் இதே காற்றோடு மல்லுக்கட்டி, போர்வைகளைப் பிடிக்க ஒரு கருவி வரைந்து கொடுத்திருந்தார் என்று அண்ணா கண்டுபிடித்தார். அந்தப் படத்தைப் பார்த்து அதையும் செய்தார். அண்ணியின் தலையணை உறை ஒன்று அதற்குப் பலியானது. “யோசனை சரி, பாரம்தான் கூட,” என்று அந்த அம்மாவுக்காக வக்காலத்து வாங்கி, அதையும் கொடியின் ஒரு மூலையில் மரியாதையாகத் தொங்கவிட்டார்.

தன்னுடையதைப்போல வேறொன்று இல்லை என்று தேடித்தேடி உறுதிசெய்த பிறகு, தானும் ஒரு பேட்டன்ட் எடுக்கவேண்டும் என்ற ஆசையை அண்ணா என்னிடம் சொன்னார். விற்பதற்கா என்று கேட்டேன். இல்லை என்றார்.

“பிள்ளை, இந்த நாட்டில என்ர பேர் உள்ள தாள் எல்லாம் நான் ஏதோ கேட்டு எழுதின தாள். விசா கேட்டது, வேலை கேட்டது, வீடு கேட்டது. ஒரு தாளாவது நான் குடுத்ததெண்டு இருக்க வேணும்.”

அன்றிரவே அவருடைய மகளுக்கு ஃபோன் எடுத்தேன்.

மகள்தான் நகரத்தில் ஒரு பேட்டன்ட் வழக்கறிஞரிடம் நேரம் எடுத்துக் கொடுத்தாள். அண்ணா கோட் போட்டுக்கொண்டு, பழைய தாள்களின் பிரதிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்தார். துணைக்கு நானும் போனேன். வழக்கறிஞர் ஒரு இளம்பெண், மிகவும் மரியாதையானவர். கொடிப்பிடியை இழுத்துப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், சிரித்தார், நல்ல யோசனை என்றார். அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு வழக்கறிஞர், இதை இதுவரை யாருக்காவது காட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

அண்ணாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கோயில் மடைப்பள்ளிக்குப் பின்னால் இருக்கிறது, ஐயரின் வேட்டிகள் அதில்தான் காய்கின்றன, அம்மனின் பட்டும் அதில்தான் காய்கிறது என்றார். சில வருடங்களாக எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் ஒரு பெட்டி கொடுப்பது வழக்கம் என்றார். பாபடோயிட்டோய்ச் சேலைக்கடையிலும் வைத்திருக்கிறார்கள் என்றார். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஓம், சரியாச் சொன்னாய், வேலைத்தலத்துப் பெடியள் எல்லாருக்கும் குடுத்தனான்,” என்று அதையும் சேர்த்துக்கொண்டார்.

வழக்கறிஞர் பேனாவை வைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்து வருடக்கணக்காகப் பாவனையில் இருக்கும் ஒன்றைப் புதியது என்று இனிமேல் பதிய முடியாது என்று மிக மெதுவாக விளங்கப்படுத்தினார். எத்தனையோ தாள்களை அண்ணா கரைத்துக் குடித்திருந்தார். ஆனால் அவற்றை எழுதியவர்கள் எழுதிக் கொடுக்கும்வரை வாயைத் திறக்கவில்லை என்பது எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. நல்லதாக ஒன்று செய்தால் நாலு வீட்டுக்குக் கொடுக்காமல் வைத்திருக்க எங்கள் ஆட்களுக்கு எங்கே தெரிகிறது?

புறப்படும்போது அண்ணா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அப்படியானால் வேறு யாராவது இதைத் தங்களுடையது என்று எடுக்க முடியுமா? முடியாது, இது ஏற்கெனவே வெளியே வந்துவிட்டதால் யாருக்கும் கிடைக்காது, வெளியே வந்ததற்குச் சான்று இருந்தால் நல்லது என்றார் அவர்.

அண்ணாவுக்கு அது நொந்தது. நான் கூடவே இருந்து பார்த்தேன், ஆகவே மறைக்க மாட்டேன். சில கிழமைகள் கராஜ் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூழ் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கோப்பையைக் கீழே வைத்தார்.

“பால்க்கார அம்மாவின்ர உரிமையும் முடிஞ்சுதானே போச்சு? இப்ப அது எல்லாருக்கும் பொது. மற்றவை இத்தனை வருசம் வைச்சிருந்து ஊருக்குக் குடுத்ததை, நான் முதல்லயே குடுத்திட்டன். அவ்வளவுதான்.”

“அப்ப அந்தத் தாள், அண்ணா?”

“தாள்தான் இல்லை,” என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கூழ் கேட்டார். அடுத்த நாளே கராஜ் திறந்தது.

அதன்பிறகு வந்த ஆண்டுகள் அவருக்கு நல்ல ஆண்டுகள். ஓய்வுபெற்றார். பேரப்பிள்ளைகளைக் கண்டார். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்க, இவர் தமிழில் சொல்ல, முட்டை அடிக்கும் கருவியின் வரலாறு அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்தது. இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி நாட்களிலும் அவர் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. கட்டிலைச் சுற்றிய திரையின் கொக்கிகளைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் சொன்னார். ஒரு பின்னேரம் அண்ணியையும் மகளையும் என்னையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

“என்ர கல்வெட்டு அடிப்பீங்கள்தானே?”

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் கொடுக்கும் இந்த மலரைத்தான் எங்கள் ஊரில் கல்வெட்டு என்போம். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. “உதென்ன கதை? பேசாமல் படுங்கோ!”

“கோவிக்காதையும். அதில என்ர படத்தைச் சின்னனாப் போடுங்கோ. கொடிப்பிடியின்ர படத்தைப் பெரிசாப் போடுங்கோ. எங்கட சனம் எந்தப் பேப்பரையும் குப்பையில போடும், கல்வெட்டைப் போடாது. உள்ளுக்கு சாமிப் படமும் பதிகமும் இருக்கெல்லே! அதைவிட நல்ல சான்று எங்கை கிடைக்கும்?”

“ஓகே, அப்பா,” என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அண்ணா சிரித்த முகத்தோடு தூங்கினார். அதற்கடுத்த வாரம் அமைதியாக எங்களை விட்டுப் பிரிந்தார்.

அவரைத் தங்கள் தகப்பனைப்போலப் பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்து பெட்டி சுமந்த ஹென்டர்சன் நண்பர்களுக்கும், எங்களுக்கு அடுப்பு மூட்ட வேலை வைக்காமல் நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்த கோயில் அன்பர்களுக்கும், கிரியைகளைச் செய்துதந்த குருக்களுக்கும், செத்தவீட்டன்று கூடை நிறைய எலுமிச்சம்பழம் பறித்துக்கொண்டு வந்து அண்ணியைக் கட்டிப்பிடித்து அழுத பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. இறுதிக் கிரியைக்குக் கட்டிய வேட்டிகளைத் தோய்த்து மறுநாள் கொடியில் போட்டோம். அன்றும் நல்ல காற்று. எல்லாம் போட்ட இடத்திலேயே நின்றன.

அண்ணா சொன்னபடியே செய்திருக்கிறோம். இந்த மலரின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கள். பழைய தாள்களில் இருப்பதைப்போலவே மகள் படம் ஒன்று, படம் இரண்டு என்று வரைந்து, அளவுகளைக் குறித்து, ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியிருக்கிறாள். தமிழ் விளக்கம் என்னுடையது. படத்துக்கு மேலே அண்ணாவின் பெயர், பிறப்பிடம், வதிவிடம், தொழில்.

அண்ணா, இதோ நீங்கள் கொடுத்த தாள். யாரும் செய்யலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை.

அன்புத் தங்கை,
பாபடோயிட்டோய்